மருத்துவர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: இரத்த எண்ணும் நோயாளியின் உயிரும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் மயக்கவியல், தீவிர சிகிச்சை மருத்துவர்களே, செவிலியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலைகளில் நடைபெறும் நமது வாசிப்பு அமர்வுகளை இவ்வாண்டு பெரும்பாலும் ஒரே கேள்விக்கு ஒதுக்கினோம். ஒரு மருந்து இரத்தப் பரிசோதனையின் எண்ணை மாற்றிவிட்டால், அதனால் நோயாளி பிழைக்கிறாரா என்பதே அக்கேள்வி. நம்மில் பலர் பணிபுரியும் மருத்துவமனைகளில் சில பயோமார்க்கர் (நோயின் நிலையைக் காட்டும் இரத்தக் குறியீடு) பரிசோதனைகளுக்கு மாதிரியைக் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டியிருப்பதாலும், அதன் செலவைப் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களே ஏற்பதாலும், எந்தப் பரிசோதனை சிகிச்சையை உண்மையிலேயே மாற்றுகிறது என்று தெரிந்துகொள்வது நமக்குக் கடமையாகிறது.

உறுப்பினர்கள் மிகுதியாக வந்து, மிகுதியாக விவாதித்தது பூச்சிமருந்து நச்சைப் பற்றித்தான். தேயிலையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் இந்த மலையில் ஆர்கனோபாஸ்பரஸ் எனும் பூச்சிக்கொல்லி வகையின் நஞ்சு நம் அவசரப் பிரிவுகளுக்குப் புதிதல்ல. நஞ்சின் விளைவுகளைத் தணிக்கும் அட்ரோபின் தர வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நஞ்சால் முடங்கிய நொதியை மீட்கும் பிராலிடாக்சைம் மருந்தைத் தரலாமா என்பதில்தான் நாம் பிரிந்து நின்றோம். மகாராஷ்டிராவின் பாராமதியில் 200 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2006-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், அனைவருக்கும் முதலில் 2 கிராம் கொடுத்த பின், மணிக்கு 1 கிராம் வீதம் 48 மணி நேரம் தொடர்ந்து பெற்றவர்களில் 1 விழுக்காட்டினரும், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம் பெற்றவர்களில் 8 விழுக்காட்டினரும் இறந்தனர். ஆனால் இலங்கையில் 235 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், பிராலிடாக்சைம் பெற்ற குழுவில் 24.8 விழுக்காட்டினரும் வெறும் உப்புநீர் பெற்ற குழுவில் 15.8 விழுக்காட்டினரும் இறந்தனர். இந்த வேறுபாடு தற்செயலாக நேர்ந்ததாகவும் இருக்கலாம் என்பதைப் புள்ளியியல் மறுக்கவில்லை; எனினும் மருந்தால் நன்மை விளைந்தது என்று சொல்ல அதில் இடமே இல்லை.

அந்த இலங்கை ஆய்வை நாம் திரும்பத் திரும்பப் படித்ததற்குக் காரணம் உண்டு. டைஎத்தில் எனும் ஆர்கனோபாஸ்பரஸ் வகை நஞ்சை உட்கொண்டவர்களின் சிவப்பணுக்களில் முடங்கிக் கிடந்த அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதி, மருந்துக்குப் பின் தெளிவாக மீண்டது. ஆய்வகத் தாளை மட்டும் பார்த்திருந்தால் மருந்து வென்றது என்றே எவரும் எழுதியிருப்பார். நோயாளிகள் பிழைப்பது மட்டும் கூடவில்லை. பாராமதி நோயாளிகள் விரைவாக வந்துசேர்ந்ததும், அவர்களுக்கு வென்டிலேட்டருடன் கூடிய நல்ல தீவிர சிகிச்சை கிடைத்ததும் முடிவு மாறியதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது நம் மூத்த உறுப்பினர்களின் கருத்து. எஸ்டேட்டிலிருந்து நோயாளி வந்துசேர ஆகும் நேரத்தை நினைத்தால், நாம் முதலில் சரிசெய்ய வேண்டியது மூச்சுப்பாதையும் அட்ரோபினும் என்பதே என் உறுதியான கருத்து. இரத்தத் திரவத்திலுள்ள, இதையொத்த நொதியான பிளாஸ்மா கோலினெஸ்டரேஸின் அளவு நஞ்சு உடலுக்குள் போனதை உறுதி செய்ய உதவும். யார் பிழைப்பார் என்பதை அதை மட்டும் கொண்டு சொல்ல முடியாது. அந்த நொதியே தசையைத் தளர்த்தும் சக்சினில்கோலினைச் சிதைப்பதால், இந்நோயாளிகளுக்கு அம்மருந்தைக் கொடுத்தால் தசைத் தளர்ச்சி மணிக்கணக்கில் நீளக்கூடும் என்பதை, இரவுப் பணியில் மூச்சுப்பாதையில் குழாய் செருகும் இளம் மருத்துவர்களுக்காக அமர்வில் தனியாக எடுத்துரைத்தோம்.

செப்டிக் ஷாக் (கடும் தொற்றால் இரத்த ஓட்டம் குலையும் நிலை) குறித்த அமர்வில் 2019-ஆம் ஆண்டின் ஆண்ட்ரோமெடா-ஷாக் ஆய்வை எடுத்துக்கொண்டோம். தென்னமெரிக்காவின் ஐந்து நாடுகளில் 424 நோயாளிகளிடம், திசுக்களுக்கு இரத்தம் போதாதபோது கூடும் லாக்டேட் அளவைப் பின்பற்றிச் சிகிச்சை தருவதையும், விரல்நுனியை 10 விநாடி அழுத்திவிட்டு நிறம் 3 விநாடிக்குள் திரும்புகிறதா என்று பார்த்துச் சிகிச்சை தருவதையும் ஒப்பிட்டார்கள். 28 நாள்களில் இறந்தோர் முறையே 43.4, 34.9 விழுக்காடு. இது புள்ளியியல் எல்லையைச் சற்றே தவறவிட்ட முடிவு என்பதால் விரல் வென்றது என்று சொல்லக்கூடாது. ஆயினும் லாக்டேட் கருவி இல்லாத மருத்துவமனை கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பது நமக்குப் பெரிய ஆறுதல். மார்கழிக் குளிரில் நலமாக இருப்பவரின் விரலிலும் நிறம் தாமதமாகத் திரும்பும் என்பதால், கையைச் சூடாக்கிய பிறகே பார்க்க வேண்டும் என்று செவிலிய உறுப்பினர் ஒருவர் சொன்னதை அனைவரும் ஏற்றனர்.

ஆன்டிபயாட்டிக்கை எப்போது நிறுத்துவது என்பதற்கு, பிரிட்டனில் 2,760 நோயாளிகளிடம் நடந்து 2024-இல் வெளியான அடாப்ட்-செப்சிஸ் ஆய்வு பயன்பட்டது. பாக்டீரியத் தொற்றில் இரத்தத்தில் கூடும் புரோகால்சிடோனினைத் தினமும் பார்த்ததால் மருந்து நாள்கள் சராசரியாக ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவாகக் குறைந்தன. நோயாளிகளின் பாதுகாப்புக்கும் குறைவு நேரவில்லை. நம்மிடம் எளிதாகக் கிடைக்கும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனை அந்த நாள்களைக் குறைக்கவில்லை. ஆகவே ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துவதற்காகவே தினமும் சி.ஆர்.பி. எழுதும் பழக்கத்தை விடலாம் எனப் பரிந்துரைக்கிறோம்.

உயரம் பற்றிய அமர்வு சுருக்கமானது, ஆனால் இங்கு பணிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் தேவையானது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் 580 மி.மீ. பாதரசத்தை ஒட்டியே இருக்கும். சீவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் ஆகிய மயக்க மருந்துகளை ஆவியாக்கித் தரும் வேப்பரைசர்கள் இதைப் பெருமளவு தாமே ஈடுசெய்துவிடும். டெஸ்ஃப்ளூரேனின் சூடேற்றும் வேப்பரைசர் அவ்வாறு செய்யாது. கடல்மட்டத்தில் 6 விழுக்காடு தரும் விளைவுக்கு இங்கே ஏறத்தாழ 8 வைக்க வேண்டும். சமவெளியில் பயின்றவர் இதை அறியாமல் போனால், அறுவையின் நடுவில் நோயாளிக்கு மயக்கம் போதாமல் போகலாம்.

நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணுப் பண்பு (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையக் காரணமான மரபுக்கூறு) இருப்பதை லேமனும் கட்புஷும் 1952-இலேயே பதிவு செய்தனர். அரிவாள் அணு நோயாளிகளுக்கு அறுவைக்கு முன் இரத்தம் ஏற்றுவது சிக்கல்களைக் குறைத்ததைக் காட்டிய 2013-ஆம் ஆண்டின் ஆய்வு ஐரோப்பாவிலும் கனடாவிலும் நடந்தது. இந்திய நோயாளிகளில் பலருக்கு, அணுக்கள் வளைவதைத் தடுக்கும் கரு ஹீமோகுளோபின் அளவு கூடுதலாக இருப்பதால், அந்த முடிவு இங்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. அறுவை அரங்கைச் சூடாக வைப்பதும், நீரிழப்பும் ஆக்சிஜன் குறைவும் நேராமல் காப்பதும் எந்த ஆய்வுக்கும் காத்திராமல் செய்ய வேண்டியவை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் ஆண்டில் பூச்சிமருந்து நச்சு நோயாளிகளுக்கான பொதுப் பதிவேடு ஒன்றைத் தொடங்கச் செயற்குழு முன்மொழிகிறது. உட்கொண்ட நஞ்சின் பெயர், வந்துசேர்ந்த நேரம், அட்ரோபின் அளவு, வென்டிலேட்டர் நாள்கள், இறுதி நிலை ஆகியவை மட்டும், பெயரும் முகவரியும் இன்றி அதில் இடம்பெறும். மருத்துவமனை நெறிமுறைக் குழுக்களின் ஒப்புதல் கிடைத்த பின்னரே பதிவு தொடங்கும். பின்னாளில் மருந்தை ஒப்பிடும் ஆய்வாக அது வளர்ந்தால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிந்தாக வேண்டும். படிவத்தின் வரைவு உறுப்பினர்களிடம் வழங்கப்பட்டுள்ளது. திருத்தங்களைச் சொல்லி, இந்த அறிக்கையையும் அம்முன்மொழிவையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்