துச்சாதனன் வேஷம் கட்டும் சித்தப்பாவுக்கு

சித்தப்பா,

தெருக்கூத்து பற்றிய ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்ற அத்தியாயத்தோடுதான். மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் திரும்பக் கேட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டீர்களே! உங்கள் பேர், ஊர், கூத்துக் குழுவான ஜமா எதுவும் அதில் இல்லை. இங்கேயும் போடமாட்டேன்.

அத்தியாயம் முழுக்க, பாஞ்சாலியைத் துகிலுரியும் கதை ஆடிய துகில் ராத்திரிதான். திரைக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல் கேட்டதுமே முன்வரிசைப் பிள்ளைகள் அம்மா மடியில் முகம் புதைத்துக்கொண்டார்கள். பாஞ்சாலி முந்தானையில் கை வைக்குமுன் மிருதங்கம் நின்றது. கற்பூரம் ஏற்றி, பாஞ்சாலி வேஷம் கட்டிய பையன் முன்னால் கைகூப்பி, "தாயே, இது வேஷம், குத்தம் வைக்காதே" என்றீர்கள். பகலில் டீ வாங்கிவர நீங்கள் விரட்டிய அதே பையன்! பிறகு துகிலைப் பிடித்து இழுத்தீர்கள். கண் செருகிச் சாய்ந்தீர்கள். ஜமா ஆட்கள் தாங்கிப் பிடித்து விபூதி பூசினார்கள். கிரீடம் மட்டும் கழன்று உருண்டது.

நடிக்கிறவர் அந்தப் பாத்திரம் அல்ல, பாத்திரம் அல்லாதவரும் அல்ல என்று அமெரிக்க நாடக ஆய்வாளர் ரிச்சர்ட் ஷெக்னர் 1985இல் எழுதினார். காசிக்குப் பக்கத்தில் ராம்நகரில் நடக்கும் ராம்லீலா என்ற ராமாயண நாடகத்தை நேரில் பார்த்தவர். நாங்கள் வகுப்பில் இதை மணிக்கணக்காக அலசுவோம். நீங்கள் ஒரு கற்பூரத்தில் முடித்துவிட்டீர்கள். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அவர் இன்னொன்றும் சொல்கிறார். சடங்கு ஆளை மாற்றிவிடும். பூப்புச் சடங்கு முடிந்தவள் பழைய சிறுமி இல்லை. நடிப்போ எங்கெங்கோ கொண்டுபோய்விட்டு, ஏறின இடத்திலேயே இறக்கிவிடும். அப்படிப் போய்வந்து போய்வந்தே ஆள் மாறுவதும் உண்டாம். அதைத்தான் உங்களிடம் எதிர்பார்த்தேன். விடிந்ததும் தேங்காயெண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வருவீர்கள். அந்தப் பையனிடம் கேட்ட மன்னிப்பை எங்கள் சித்தியிடம் ஒருநாளாவது... வேண்டாம், தம்பி இதைப் படிப்பான்.

'நிகழ்த்துநரின் குடும்ப வாழ்க்கை இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே' என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். உங்களைக் காப்பாற்றத்தான். சித்தி முகத்துக்காகவும்தான். அதற்காக நன்றி எதிர்பார்க்கவில்லை.

சித்திரையில் துகில் வைத்தால் சொல்லி அனுப்புங்கள், கேமரா இல்லாமல் வருகிறேன். கூத்து முடிந்து வீட்டுக்கு வா என்று மட்டும் கூப்பிடாதீர்கள்.