களியை இப்படிக் கிண்டினால் கட்டி தட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் தருமபுரியில் நடக்கும் உணவுக் கண்காட்சியைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தீர்கள். ‘விரல் நுனியில் தகடூரின் சுவை’ என்று தலைப்பு. தகடூர் எங்கள் தருமபுரியின் பழைய பெயர். உள்ளே அங்கிருக்கும் தொடுதிரை மேசையைப் பற்றி ஒரு வரி: “எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிகூட விரலால் தொட்டு இயக்கலாம்.” அந்த வரியை நம்பித்தான் 78 வயதான என் அம்மாவைப் பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன்.

சாப்பாட்டு மேசை அளவுக்குப் படுக்கவைத்த தொடுதிரை. அதில் மாவட்ட வரைபடம். ஒகேனக்கல்லைத் தொட்டால் மீன் பொரிகிற சத்தம் கேட்கிறது. அரூரைத் தொட்டால் மரவள்ளிக்கிழங்கு வருகிறது. எங்களுக்கு முன்னால் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் வந்தது. அம்மா தொட்டார், வரவில்லை. அழுத்திப் பார்த்தார். முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். கட்டைவிரலையும் வைத்துப் பார்த்தார். பின்னால் வரிசையில் உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டதும், “நீயே தொடு கண்ணு, எனக்கு வாணாம்” என்று ஒதுங்கிக்கொண்டார்.

அது என்ன கை தெரியுமா ஐயா? நாற்பது வருஷம் புளி தட்டிய கை. மாசி பங்குனியில் புளி இறங்கினால் எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்து ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார்கள். அந்தக் கூலியில்தான் என்னைப் படிக்கவைத்தார். விரலெல்லாம் காப்புக் காய்த்து, ரேகையே தேய்ந்துவிட்டது. ரேஷன் வாங்கப் போனால் கைரேகை மெஷினும் இவரை மூன்று நான்கு தடவை வைக்கச் சொல்லிவிட்டு, “வீட்டில் வேற யாராவது இருந்தா அனுப்புங்க” என்கிற நிலைதான். ஓசூரில் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் மகன் சொன்னான்: திரையின் மேல் மெல்லிய மின்புலம் இருக்கிறதாம், நம் விரல் அதைக் கலைப்பதை வைத்துத்தான் தொட்டது தெரிகிறதாம். தோல் காய்ந்து தடித்துப்போனால் அந்தக் கலைவு சரியாக எட்டாதாம். புளிக்கென்று அந்தத் திரையில் அழகான படம் வைத்திருக்கிறார்கள். புளி தட்டியவருக்கு அதைத் திறக்க வழியில்லை.

தகடூர் என்று தலைப்புப் போட்டீர்கள். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் அதியமான் ஔவைக்குக் கொடுத்த ஊர் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயரை எழுதி வைத்த மேசையிலிருந்து என் அம்மா ஒதுங்கி நின்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு அம்மாவுக்காக நானே தொட்டேன். ‘களி கிண்டலாம் வாங்க’ என்று ஒரு விளையாட்டு. பானைக்குள் மாவை இழுத்துப் போட வேண்டும், போட்டதும் துடுப்பால் சுற்ற வேண்டும். பத்து சுற்றுச் சுற்றினால் உருண்டை வருகிறது, ‘சபாஷ்’ என்கிறது. அம்மா பதறிவிட்டார். “மாவு போட்டதும் கிண்டுனா கட்டி தட்டிடுமே!” உண்மைதான். உலை கொதித்து, நொய் வெந்த பிறகு, கேழ்வரகு மாவை மேலே குவியலாகக் கொட்ட வேண்டும். கலக்கக் கூடாது. துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி விட்டு மூடிவைத்தால், தண்ணீர் அந்தக் குழி வழியாகப் பொங்கிவந்து மாவை வேகவைக்கும். அதற்குப் பிறகுதான் பானையை இறக்கி, அசையாமல் பிடித்துக்கொண்டு, தோள் வலிக்கக் கிண்டுவது. வெந்துவிட்டதா என்று பார்க்க விரலைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொடுவார் அம்மா. ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. திரைக்குத் தெரியாமல் போன விரல் அதுதான் ஐயா.

தேடும் பெட்டியில் ‘கேவுரு’ என்று அடித்தேன். ‘முடிவுகள் இல்லை’ என்றது. எங்கள் பக்கத்தில் கேழ்வரகு என்று எழுதுவோம், கேவுரு என்று பேசுவோம். இதே களியைத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் முத்தெ என்பார்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் சங்கடி என்பார்கள். இந்த மூன்றும் இல்லாமல் இந்தச் சீமையின் சாப்பாட்டை எப்படித் தேடுவது? வரைபடமும் மாவட்ட எல்லையோடு நின்று, அதற்கு அப்பால் வெறும் சாம்பல் நிறம். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தோம், 2004இல் கிருஷ்ணகிரி எங்களிடமிருந்து பிரிந்தது. ஆனால் எங்கள் அப்பா கடைசிவரை, இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் போச்சம்பள்ளிச் சந்தைக்குத்தான் போய்வந்தார். அவர் நடந்த வழி அந்தச் சாம்பலுக்குள் போய்விட்டது.

பிதுக்கு அவரையும் இல்லை. மார்கழி தையில் பச்சை அவரைக்கொட்டையை இரவே ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கித் தோலை நீக்கி வைக்கிற குழம்பின் வாசம் தெருமுனைவரை வரும். எங்கள் வீட்டுக்கு வந்த மருமகள் முதலில் பழகியது அதைத்தான்.

இதைச் சொல்லும்போது பழைய வருத்தங்களும் வந்துவிடுகின்றன. மன்னிக்கவும். சென்னையில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், எங்கள் வீட்டில் இரவுக்குக் களி என்று சொன்னதற்கு, “ஜெயில்ல போடுவாங்களே, அதுவா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் நான் களி என்ற சொல்லையே எடுக்கவில்லை. தங்கள் பத்திரிகையிலும் யாராவது கைதானால் ‘களி தின்னப்போகிறார்’ என்று தலைப்பு வருகிறது. நாங்கள் தினமும் தின்பதை அவமானத்துக்கு அடையாளமாக எழுதுகிறீர்கள். உணவுச் சிறப்பிதழ் போட்டால் செட்டிநாடு, கொங்கு, மதுரை. எங்கள் மாவட்டத்துக்கு வறட்சிச் செய்தியில்தான் இடம். 2023இல் உலகமே சிறுதானிய ஆண்டு கொண்டாடியது. அந்த ஆண்டுதான் நீலகிரியோடு சேர்த்து எங்களுக்கும் ரேஷனில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அப்போதாவது ஒரு களி கிண்டும் பெண்ணின் படம் முதல் பக்கத்தில் வரும் என்று காத்திருந்தேன்.

அந்த மேசையைச் செய்த பிள்ளைகள் உழைத்திருக்கிறார்கள். எங்களுக்கு உதவ வந்த மாணவி அம்மாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் தம் ஊரின் சாப்பாட்டைத் தொட்டுத் தெரிந்துகொள்வது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். செய்து முடிக்கும் முன் களி கிண்டுகிற நாலு பெண்களை அந்த மேசை முன்னால் நிறுத்தி, அவர்கள் கை எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்று ஒரு மணி நேரம் பார்த்திருந்தால் போதும். இத்தனையும் அங்கேயே தெரிந்திருக்கும்.

அடுத்த மாதம் அந்த மேசை கிருஷ்ணகிரிக்குப் போகிறது என்று தங்கள் செய்தியிலேயே இருந்தது. அதற்குள் திரைக்குப் பக்கத்தில் அழுத்தினால் அமுங்குகிற நாலு பொத்தான்கள் வைக்கச் சொல்லுங்கள். ‘கேவுரு’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லுங்கள். களி விளையாட்டில் குழி விட்டு மூடிவைக்கிற இடத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். மூதாட்டிகூட இயக்கலாம் என்ற வரிக்குத் தங்கள் பத்திரிகையில் ஒரு சிறு திருத்தம் போட்டால் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

கேட்டால் அம்மா வரத் தயார். துடுப்பையும் அவரே கொண்டுவருவார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்