காரில் அலாரம் மாட்டுவது பற்றி லெட்சுமணனுக்கு

காரைக்குடி

அன்புள்ள லெட்சுமணா,

பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என்ன பேர் விட்டீர்கள் என்று அம்மா கேட்கச் சொன்னார்கள்.

ரிமோட் ஸ்டார்ட்டும் அலாரமும் சேர்ந்த செட்டை நீயே மாட்டப் போவதாக எழுதியிருந்தாய். உன் ஆட்டோமேட்டிக் காரில் தாராளமாக மாட்டு. தம்பியின் கியர் காருக்கு அலாரம் மட்டும் போதும். கியரில் போட்டு நிறுத்துவது நம் ஊர்ப் பழக்கம். ரிமோட்டை அமுக்கினால் செல்ஃப் மோட்டாரே வண்டியை முன்னே தள்ளிவிடும். எதிரே யார் நிற்பார்கள் என்று கண்டோமா?

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றினால் இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் தடித்த வயர்கள் தெரியும். மஞ்சள் உறை போட்டவை ஏர்பேக்குடையவை. அவற்றில் மீட்டர் முனையைக்கூட வைக்காதே. மற்றவற்றில் நிறத்தை நம்பாதே. பல்பு டெஸ்டரும் வேண்டாம், அது இழுக்கும் கரண்ட் கம்ப்யூட்டர் வயர்களுக்கு ஆகாது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை பாடியில் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பு. சாவி போடாமலே 12 வோல்ட் காட்டுவது பேட்டரி வயர். 'ஆன்' நிலையிலும், செல்ஃப் அடிக்கும்போதும் விடாமல் காட்டுவது இக்னிஷன். செல்ஃப் அடிக்கும்போது விழுந்து, பிறகு எழுவது ஆக்சசரி, அதாவது ரேடியோ போன்றவற்றுக்குப் போவது. செல்ஃப் அடிக்கும் நேரம் மட்டும் வருவது ஸ்டார்ட். இக்னிஷனையும் ஆக்சசரியையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. பாதிப் பேர் தவறுவது இந்த இடத்தில்தான்.

பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகு 10 மிமீ ஸ்பேனரால் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு இணைப்பைத் தொடங்கு. கடித்துப் பிடிக்கும் கிளிப்புகள் செட்டோடு வரும், தூக்கி எறி. அவை வயரின் உள் கம்பிகளை வெட்டும், கரண்ட் அதிகம் போகும்போது சூடேறி உருகும். வயரை உரித்து, முறுக்கி, சால்டர் வைத்து, மேலே துணி டேப் சுற்று. பிவிசி டேப்பின் பசை சித்திரை வெயிலில் இளகிக் கழன்றுவிடும். பேட்டரி வயரின் ஃபியூஸ், இணைப்பிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். எர்த்துக்கு பெயின்டைச் சுரண்டி, வயர் நுனியில் லக் (வளைய முனை) போட்டு போல்ட்டில் இறுக்கு. அது லூசாக இருந்தால் ரிமோட் ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது.

பிரேக்கை மிதித்தால் ரிமோட் ஸ்டார்ட்டை அணைக்கும் பிரேக் வயரையும், பேனட் திறந்திருந்தால் ஸ்டார்ட் ஆகவிடாத பேனட் சுவிட்சையும் சோம்பல்பட்டு விட்டுவிடாதே. மெக்கானிக் பேனட்டுக்குள் கையை விட்டிருக்கும்போது யாரோ ரிமோட்டை அமுக்கினால் ஃபேன் பெல்ட்டில் விரல் போய்விடும்.

இன்ஜின் பிடித்து இரண்டு நொடியில் அணைந்தால் சாவியில் உள்ள சிப் கிட்டே இல்லாததுதான் காரணம். அதைச் சமாளிக்கும் பைபாஸ் மாடியூல் தனியாக வேண்டும். சாவி ஒன்றை டேஷ்போர்டுக்குள் ஒளித்து வைக்கிற வகை வேண்டாம். அலாரமும் மாட்டி, திருடனுக்குச் சாவியும் வைத்துக் கொடுத்த கதையாகிவிடும்.

சைரனின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், தண்ணீர் தேங்காது. அதிர்வை உணரும் ஷாக் சென்சாரை டேஷ்போர்டின் இரும்புச் சட்டத்தில் இறுக்கிக் கட்டி, குறைந்த அளவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. ஒரேயடியாக ஏற்றினால் தெருவில் கல்யாண வெடி வெடிக்கும்போதெல்லாம் அலறும்.

இனி, உனக்கென்றே இரண்டு. உன் வண்டி மாதக்கணக்கில் நிற்கும். அலாரம் 25 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர் அவர், மாதத்துக்கு 18. இரண்டு மாதத்தில் 36, அதற்குள் 45 ஆம்பியர் அவர் பேட்டரி படுத்துவிடும். அதனால் சென்னைக்குக் கிளம்புமுன் மைனஸைக் கழற்றிவிடு. சொந்த பேட்டரி உள்ள சைரன் என்றால் அதையும் அதன் சாவியால் மறக்காமல் அணை, இல்லாவிட்டால் கழற்றியதும் ஊரைக் கூட்டும். பின்கட்டு ஷெட்டின் கதவு மூடியிருந்தால் ரிமோட்டில் ஸ்டார்ட் செய்யவே கூடாது. புகை வளவுக்குள் வரும், கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. ஓடும் நேரத்தை 10 நிமிஷத்துக்கு வை. பேத்தி கைக்கு ரிமோட் எட்டக் கூடாது.

செட்டோடு வந்த வயரிங் படத்தை போட்டோ எடுத்து அனுப்பு. கார் மாடலும் வருஷமும் எழுது, பைபாஸ் மாடியூல் எது சேரும் என்று இங்கே கடையில் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
சொக்கலிங்கம்