போர்ட்லேண்டில் வாங்கும் பைக்குக்கு சேக்ரமெண்டோவில் வரி

அன்புள்ள கதிருக்கு,

ஆரிகன் மாநிலத்து போர்ட்லேண்டில் விற்கும் பைக் என்று நீ அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். 2022 மாடல், 650 சிசி, ஓடியது 5,200 மைல், விலை 8,000 டாலர். வண்டி பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. “ஆரிகனில் சேல்ஸ் டாக்ஸே கிடையாதும்மா, 700 டாலர் மிச்சம்” என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

ஆரிகனில் விற்பனை வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் நீ குடியிருப்பது கலிஃபோர்னியாவின் சேக்ரமெண்டோவில். வெளி மாநிலத்தில் வாங்கி இங்கே ஓட்டக் கொண்டுவரும் வண்டிக்கு கலிஃபோர்னியா ‘யூஸ் டாக்ஸ்’ வாங்கும். சேல்ஸ் டாக்ஸ் எத்தனை சதவீதமோ இதுவும் அத்தனைதான். எந்த முகவரியில் வண்டியைப் பதிகிறாயோ அந்த ஊரின் விகிதம். மாநிலம் முழுக்கக் குறைந்தபட்சம் 7.25 சதவீதம், சேக்ரமெண்டோ நகரத்துக்குள் 8.75. எட்டாயிரத்துக்குக் கணக்குப் போட்டால் நீ மிச்சம் என்று சொன்ன அதே 700 டாலர். கடைக்காரர் வாங்காததை, வண்டிகளைப் பதியும் அரசு அலுவலகமான டி.எம்.வி. கவுண்டரில் வாங்கிக்கொள்வார்கள். தனி ஆளிடம் வாங்கினாலும் தப்பாது. இங்கே குடியிருப்பவர் வெளியில் வாங்கிய வண்டி 12 மாதத்துக்குள் உள்ளே வந்தால், இங்கே ஓட்டத்தான் வாங்கினார் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

வரி உள்ள மாநிலத்தில் வாங்கி அங்கே கட்டியிருந்தால் அதைக் கழித்துவிட்டு மீதியைத்தான் கேட்பார்கள். ரசீதில் வரித்தொகை தனியாகத் தெரியவேண்டும், அவ்வளவுதான். பழைய வண்டியைக் கடையில் கொடுத்துவிட்டு வாங்கினால், பல மாநிலங்களில் அதன் மதிப்பைக் கழித்து மீதிக்குத்தான் வரி. கலிஃபோர்னியாவில் முழு விலைக்கும் வரி. இதையும் மனதில் வை.

வரியைவிட எனக்குக் கவலை அந்த 5,200 மைல்தான். வாங்கும்போது 7,500 மைலுக்குக் கீழே ஓடிய வண்டியை இந்த மாநிலச் சட்டம் ‘புது வண்டி’ என்றே கணக்கில் எடுக்கும். எத்தனை வருஷம் பழையது, எத்தனை பேர் கைமாறியது என்றெல்லாம் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட வண்டி கலிஃபோர்னியாவின் புகை விதிக்குச் சான்று பெற்றதாக இல்லாவிட்டால், கலிஃபோர்னியாவாசி பெயரில் டி.எம்.வி. பதியவே மாட்டார்கள். வரி கட்டுகிறேன், அபராதம் கட்டுகிறேன் என்றாலும் நடக்காது. வாங்கிய பிறகு 7,500 தாண்டும்வரை ஓட்டிவிட்டுப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே, வாங்கிய நாளில் மீட்டர் காட்டிய எண்தான் கணக்கு. வெளி மாநிலத்தில் குடியிருந்து, அங்கேயே பதிந்து ஓட்டிய வண்டியோடு இங்கே குடிவருபவர்களுக்கும், வாரிசாக வண்டி கிடைத்தவர்களுக்கும் விலக்கு உண்டு. உனக்கு இரண்டும் பொருந்தாது.

அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் விற்பவரிடம் ஒரு போட்டோ கேள். வண்டியின் ஃபிரேமில் புகைக் கட்டுப்பாட்டு விவர ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். சில மாடல்களில் ஹேண்டில் கழுத்துக்குப் பக்கத்தில், சிலவற்றில் சீட்டைத் தூக்கினால் தெரியும். எஞ்சின் அளவு, பிளக் இடைவெளி எல்லாம் போட்டு, அடியில் இந்த வண்டி எந்த விதிகளுக்கு உட்பட்டது என்று ஒரு வாக்கியம் இருக்கும். அதில் ‘கலிஃபோர்னியா’ என்ற சொல் இருக்கிறதா என்று பார். இருந்தால் மட்டும் போதாது, முழு வாக்கியத்தையும் படி, ‘கலிஃபோர்னியாவில் விற்பனைக்கு அல்ல’ என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கலாம். மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான இ.பி.ஏ.வின் விதியை மட்டும் சொல்லியிருந்தால் அந்த வண்டியை விட்டுவிடு. டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பா ஒன்று நம் மாநிலத்து மாடல்களில் கூடுதலாக இருக்கும். அதை வாங்கி மாட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதே. அவர்கள் பார்ப்பது ஸ்டிக்கரை.

ஸ்டிக்கர் சரியாக இருந்தால் அடுத்தது டைட்டில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம். விற்பவர் பெயரும் டைட்டிலில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். கடன் கொடுத்தவர் பெயர் அதில் இருந்தால், அவர்கள் விடுவித்துக் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும். கடன் இன்னும் அடையவில்லை என்றால் அந்த பேங்கிலேயே உட்கார்ந்து பணத்தைக் கொடு, அவர் பிறகு கட்டிக்கொள்வார் என்று விடாதே. மீட்டர் ரீடிங்கை டைட்டிலில் எழுதும்போது அடித்தல் திருத்தல் கூடாது. ஒரு எண் பிசகினால் அதற்கு விளக்கக் கடிதம் கேட்பார்கள், அதற்குள் விற்றவர் போனையே எடுக்காமல் போகலாம். விலையையும் உண்மையாகவே எழுது. 8,000-ஐ 3,000 என்று போடு, ‘அன்பளிப்பு’ என்று போடு என்றெல்லாம் யோசனை சொல்வார்கள். பொய் என்றால் தண்டனை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடும் படிவம் அது, வேண்டவே வேண்டாம்.

நேரில் போனதும் ஹேண்டிலைத் திருப்பி, ஃபிரேமின் கழுத்தில் கொத்தியிருக்கும் 17 இலக்க வின் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணை, விரலால் தடவிப் படி. உலோகம் ராவினாற்போலவோ பெயின்ட் புதிதாகவோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடு. எஞ்சின் எண் கிராங்க் பெட்டியில் இருக்கும், அதையும் போட்டோ எடு. இங்கே பதியும்போது மோட்டார்சைக்கிளுக்கு மட்டும் எஞ்சின் எண்ணையும் தனியாகக் கேட்பார்கள். முன்பு யாரோ எஞ்சின் மாற்றியிருந்தால் அங்கேதான் சிக்கும்.

இன்ஷூரன்ஸ் எடுக்காமல் கிளம்பாதே. 2025 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் குறைந்தபட்சம் ஒருவர் காயத்துக்கு 30,000, ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, பொருள் சேதத்துக்கு 15,000 டாலர். இது எதிராளிக்குத்தான், உனக்கல்ல. கொஞ்சம் கூட்டியே எடு கண்ணா. வண்டியில் செல்லுபடியாகும் பிளேட் இல்லை என்றால் ஆரிகன் டி.எம்.வி.யில் 21 நாள் டிரிப் பெர்மிட், அதாவது தற்காலிகமாக ஓட்டும் அனுமதி, வாங்கிக்கொள். ஐ-5 நெடுஞ்சாலை வழியாக வீட்டுக்குக் கிட்டத்தட்ட 580 மைல், ஒரே நாளில் வேண்டாம். எல்லைக்குச் சற்று முன்னால் சிஸ்கியூ கணவாய் 4,300 அடிக்கு மேல். மார்ச் மாதத்தில்கூடப் பனி விழும் இடம். அந்த வாரம் வானிலை சரியில்லை என்றால் டிரெய்லரில் ஏற்று.

வந்ததும் 20 நாளுக்குள் பதிந்துவிடவேண்டும், தாண்டினால் அபராதம் ஏறும். ரெக் 343 விண்ணப்பம், ஆரிகன் டைட்டில், விலை எழுதிய விற்பனைச் சீட்டு (பில் ஆஃப் சேல்), இன்ஷூரன்ஸ் காகிதம், இவற்றோடு வண்டியும் நேரில் போகவேண்டும், ஏனென்றால் வின் எண்ணைச் சரிபார்த்து ரெக் 31 படிவம் நிரப்பவேண்டும். டி.எம்.வி. ஆளே செய்வார், லைசென்ஸ் உள்ள தனியாரும் வீட்டுக்கு வந்து செய்வார்கள். ஸ்டிக்கரையும் அப்போதே பார்ப்பார்கள், கழற்றிக் கழுவுகிறேன் என்று அதைக் கிழித்துவிடாதே. கார் மாதிரி ஸ்மாக் டெஸ்ட் (புகைச் சோதனை) பைக்குக்குக் கிடையாது. 700 டாலர் வரி தவிர பதிவுக் கட்டணங்களும் உண்டு, செக் புத்தகத்தில் அதற்கும் இடம் வை.

உன் நண்பன் சொன்ன மொன்டானா கம்பெனி யோசனைக்கு ஒரே பதில்தான். அங்கே பெயருக்கு ஒரு எல்.எல்.சி. கம்பெனி தொடங்கி, அதன் பெயரில் பிளேட் வாங்கி, வண்டியை சேக்ரமெண்டோ கராஜில் வைத்தால் அது வரி ஏய்ப்பு. பிடிபட்டால் வரியோடு அதில் பாதி அபராதம். வண்டி எங்கே நிற்கிறது என்று பொய் சொல்லி எடுத்த இன்ஷூரன்ஸ், விழுந்து கிடக்கும்போது கைகொடுக்குமா?

வரியையும் பயணச் செலவையும் சேர்த்து இந்த வண்டி உனக்கு 9,000 டாலரைத் தொடும். அதே மாடல் சேக்ரமெண்டோவிலேயே என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய். ஸ்டிக்கர் போட்டோ வந்ததும் எனக்கு அனுப்பு, அதுவரை விற்பவருக்கு ஒரு டாலரும் அனுப்பாதே.

அன்புடன்,
அம்மா