பதினேழு வயதுக்கு அப்புறம்

சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்துக்கும் அதன் கீழ் இயங்கும் எல்லா நாட்டுச் சம்மேளனங்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு நாளும் ஸ்கேட் கட்டி ஐஸில் இறங்கியதில்லை. பல வருடமாக ஃபிகர் ஸ்கேட்டிங் பார்க்கிறேன், அவ்வளவுதான். அதிலும் ஒலிம்பிக்கை விட தேசியப் போட்டிகள்தான் எனக்குப் பிடிக்கும். பதக்க மேடை ஏறுகிறவர்களைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஏழாவது, எட்டாவதாக வருகிறவர்களுக்காக இந்த மடல்.

2022 ஜூனில் சீனியர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதை 15 இலிருந்து படிப்படியாக 17 ஆக்க முடிவு செய்தீர்கள். அதே வருடம் பெய்ஜிங் ஒலிம்பிக்கில், ஊக்கமருந்து சர்ச்சைக்கு நடுவே, 15 வயதுப் பெண் ஒருத்தி ஐஸில் விழுந்து எழுந்ததைப் பார்த்தவர் யாரும் அந்த முடிவைக் குறை சொல்ல மாட்டார்கள். சரி. ஆனால் வாசலைத்தான் நகர்த்தினீர்கள். வாசலுக்கு முன்னால் நடப்பது அப்படியேதான் இருக்கிறது.

டிரிபிள் லூப் என்ற தாவலை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கமாகச் சறுக்கிவந்து, வலது கால் பிளேடின் வெளிவிளிம்பில் எழும்பி, மூன்று சுற்று சுற்றி, அதே காலில் அதே விளிம்பில் இறங்க வேண்டும். 13 வயதில் இது விளையாட்டுப்போல வரும். அப்புறம் உயரம் கூடுகிறது, இடுப்பு அகலமாகிறது. கைகளை எவ்வளவு இறுக்கி அணைத்தாலும் பழைய வேகம் வருவதில்லை. சுற்று முடியும் முன்பே தரை வந்துவிடுகிறது. கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் தாவலின் அடிப்படை மதிப்பிலேயே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். (தமிழில் 'கால்' என்பதற்கு இரண்டு பொருள். இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இடறுகின்றன.)

இது தவறில்லை, வளர்ச்சி. ஆனால் மதிப்பெண் தாளில் இரண்டுக்கும் ஒரே குறிதான். முந்தைய சீசனில் வாங்கிய இடத்தை வைத்தே அடுத்த சீசனின் உதவித்தொகையும் வெளிநாட்டுப் போட்டி வாய்ப்பும் முடிவானால், உடம்பு புது அளவுக்குப் பழகும் முன்பே அந்தப் பெண் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறாள். பெற்றோரின் கையிருப்பு எத்தனை நாள் தாங்கும்? உலகப் போட்டிக்கு ஒரு பிரிவில் ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் 3 பேர் என்கிறபோது, வலுவான நாட்டில் நான்காவதாக வருகிறவளுக்கே இடமில்லை. எட்டாவதாக வருகிறவளை யார் தேடப்போகிறார்கள்?

காத்திருந்தால் என்ன நடக்கும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். குவாட் (நான்கு சுற்றுத் தாவல்) இல்லாமல், டிரிபிள் ஆக்சலும் (மூன்றரைச் சுற்றுத் தாவல்) இல்லாமல், 2022 முதல் 2024 வரை மூன்று முறை தொடர்ந்து உலகப் பட்டம் வென்றார் கவோரி சகமோட்டோ. 16 வயதில் போதும் என்று விலகிய அலிசா லியு, திரும்பி வந்து 2025இல் பாஸ்டனில் உலக சாம்பியனானார். டியானா ஸ்டெல்லாட்டோ-டூடெக் 2001இல் இடுப்புக் காயங்களால் விட்டுவிட்டுப் போனவர். 2024இல் ஜோடிப் பிரிவில் உலகப் பட்டம் வாங்கும்போது அவருக்கு வயது 40. மறுபக்கம் யூலியா லிப்னிட்ஸ்கயா: 15 வயதில் சோச்சி ஒலிம்பிக்கில் குழுப் போட்டித் தங்கம், 19 வயதில் உணவுக் கோளாறோடு ஓய்வு.

இவர்களெல்லாம் பெயர் தெரிந்தவர்கள், திரும்பி வந்தால் கதவு திறக்கும். தேசிய அளவில் நின்றுவிட்டவளுக்கு அப்படித் திறக்காது.

நான் கேட்பது ஒன்றுதான். ஜூனியரிலிருந்து சீனியருக்கு வருகிறவர்களுக்கு, இடம் எத்தனையாவதாக இருந்தாலும், இரண்டு சீசனுக்கு உதவித்தொகையையும் பயிற்சி நேரத்தையும் நிறுத்தாதீர்கள். சர்வதேச சங்கம் இதை விதியாகவே எழுதட்டும்.

பல தேசியப் போட்டிகளில் முதல் வார்ம்-அப் குழு (பெரும்பாலும் வரிசையில் பின்னால் இருப்பவர்கள்) வரும்போது பாதி நாற்காலி காலியாகத்தான் இருக்கும். அடுத்த முறை அந்த நேரத்தில் வந்து உட்காருங்கள். ஆடி முடித்தவள் தடுப்புச் சுவரில் கை வைத்துக் குனிந்து பிளேடுக்கு உறை மாட்டுவாள். ஸ்கோர் வரும்வரை பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எண் வந்ததும் அவள் முகத்தைப் பாருங்கள். அப்புறம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பார்வையாளன்