தேக்குப் பெட்டியின் மூலைகளில் விரலுக்குத் தட்டுப்படும் மேடு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் தேக்குப் பெட்டியுடன் கிதார் ஆம்ப்ளிஃபயர் வாங்கியவர்களில் சிலர், ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருந்தும், அண்மையில் ஒரே குறையை எழுதியிருக்கிறார்கள். வாங்கிய நாளில் வழவழவென்றிருந்த மூலைகளைத் தடவினால் இப்போது மூட்டின் பற்கள் மெல்லிய மேடாகத் தட்டுப்படுகின்றன. மூட்டு விட்டுப்போகிறதா என்று கேட்கிறார்கள். மூட்டு விடவில்லை. ஆனால் "மரம் என்றால் அப்படித்தான்" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்வது பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கு மரியாதை ஆகாது. தவிர, இதில் எங்கள் தவறும் உண்டு. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறோம்.

அறுத்து இழைத்த பலகையும் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கிறது. ஈரம் குறையும்போது பலகை அகலத்திலும் கனத்திலும் சுருங்குகிறதே தவிர, ரேகை, அதாவது மரத்தின் நார், ஓடும் நீளவாக்கில் கணக்கில் கொள்ளத்தக்க அளவுக்குச் சுருங்குவதில்லை. எங்கள் பெட்டியின் மூலைகளில், இரு கைகளின் விரல்களைக் கோப்பதுபோல், ஒரு பலகையின் பற்கள் அடுத்த பலகையின் இடுக்குகளில் அமர்கின்றன. அந்தப் பல்லின் நீளம் மாறாது. அது ஊடுருவி நிற்கும் அடுத்த பலகையின் கனமோ சுருங்குகிறது. 19 மில்லிமீட்டர் கனமுள்ள தேக்கில் ஈரம் நான்கு விழுக்காடு குறைந்தால் அந்த வேறுபாடு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு தாளின் கனம்தான். கண் அதைக் கவனிக்காது. விரல்நுனி உடனே கண்டுபிடித்துவிடும்.

இதே நான்கு விழுக்காட்டுக்கு, 230 மில்லிமீட்டர் ஆழமுள்ள பெட்டி முன்பின்னாக ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை சுருங்கக்கூடும். அப்படியிருந்தும் பெட்டி பிளவுபடாததற்குக் காரணம் பலகைகளை அமைக்கும் முறை. மேல், கீழ், இரு பக்கங்கள் ஆகிய நான்கையும் ஒரே நீண்ட பலகையிலிருந்து வரிசையாக அறுத்து, ரேகை பெட்டியைச் சுற்றி ஓடும்படி சேர்க்கிறோம். மூலைகளில் ரேகை தொடர்ந்து வரும் அழகுக்காகச் செய்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள்; அழகு கூடுதல் வரவு. நான்கும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் அசைவதால் மூட்டின்மேல் இழுப்பு விழுவதில்லை என்பதே உண்மையான பயன். ஸ்பீக்கரைத் தாங்கும் முன்பலகைக்குப் பிளைவுட் இடுகிறோம். அது பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் மட்டுமே நிரப்புகிறது. அந்த இரண்டும் தேக்கின் ரேகை ஓடும் திசைகள் என்பதால் அங்கே சச்சரவு இல்லை. மின்பாகங்களைத் தாங்கி, மேல்பலகையில் முன்பின்னாகத் திருகப்படும் சேசிஸ் என்ற இரும்புச் சட்டம்தான் தேக்கு சுருங்கும் திசையில் அசையாத பொருள். அதற்காகவே அதன் பின்வரிசைத் துளைகளைச் சற்று நீள்வட்டமாக விட்டிருக்கிறோம். துளை பெரிதாக இருக்கிறதே என்று எண்ணி யாரும் அதை அடைத்துவிட வேண்டாம்.

இனி எங்கள் தவறு. கடந்த வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஆண்டிறுதிக் கச்சேரிகளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், நன்றாகக் காய்ந்தது என்று உறுதி கூறப்பட்ட ஒரு சுமைப் பலகையை வாங்கி, மேல்பரப்பில் மட்டும் ஈரமானியை வைத்துப் பார்த்தோம். 12 விழுக்காடு காட்டியது. பின்னர் மீந்த துண்டு ஒன்றின் நடுவில் அறுத்துப் பார்த்தபோது உள்ளே 17 இருந்தது. அந்தப் பெட்டிகள்தாம் பிறகு ஏ.சி. அறைகளுக்குப் போய் உலர்ந்திருக்கின்றன. இப்போது ஒவ்வொரு சுமையிலும் ஒரு பலகையைக் குறுக்கே அறுத்து, புதிய முகத்தில் அளக்கிறோம். பலகையை முதலில் 22 மில்லிமீட்டருக்கு இழைத்து, இடையில் குச்சி கொடுத்து ஆறு வாரம் அடுக்கி வைத்து, அதன்பின்னரே 19-க்கு இழைக்கிறோம். பெட்டி கைக்கு வரத் தாமதமாவது இதனால்தான்.

துணி ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது பழைய தீர்வுதான். கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1946-இல் கொண்டுவந்த தொடக்ககால ஆம்ப்ளிஃபயர்கள் பாலிஷ் போட்ட கடின மரப் பெட்டிகளில் வந்தன. சில ஆண்டுகளுக்குள் அவர் பைன் மரத்துக்கும் அதன்மேல் ஒட்டும் துணிக்கும் மாறிவிட்டார். துணிக்கு அடியிலும் இதே பல்மூட்டுதான். ஒலிக்காகத் தேக்கு வேண்டும் என்று கேட்பவர்களிடம் நாங்கள் ஒளிவுமறைவின்றிச் சொல்வது இது: ஒலியை முதலில் தீர்மானிப்பவை ஸ்பீக்கரும், பெட்டியின் கொள்ளளவும், பின்புறம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதும்தான். தேக்கைக் கண்ணுக்காகவும் கைக்காகவும் வாங்குங்கள்.

பாலிஷிலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். இதுவரை பூசிவந்த மெலமைன் என்ற செயற்கைப் பிசின் பூச்சு கெட்டியானது. ஆனால் மரம் அசையும்போது மூட்டுக்கோட்டில் மயிரிழையாக வெடிக்கிறது, வெடித்த இடத்தை மட்டும் தனியே சீராக்க முடிவதில்லை. இனி அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ்தான். புதிய பூச்சு பழைய பூச்சைக் கரைத்து அதனோடு ஒன்றிவிடுவதால், மூலையை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துப் பூசினாலும் ஒட்டுப்போட்டது தெரியாது. உட்புறத்துக்கும் பூசுகிறோம், ஒரு முகத்துக்கு மட்டும் பூசினால் இரு முகங்களும் வெவ்வேறு வேகத்தில் ஈரம் வாங்கிப் பலகை வளையும். இந்தப் பாலிஷுக்குச் சூடும் மதுவும் ஆகாது. ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் வால்வுகள் என்ற கண்ணாடிக் குழல்களின் சூடு தாக்காதபடி மேல்பலகையின் அடியில் அலுமினியத் தகடு வைத்திருக்கிறோம். மேலே குவளை வைக்காமலிருப்பது உங்கள் பொறுப்பு. ஈரக் குவளைகூட வெள்ளை வளையம் போட்டுவிடும்.

பழைய மெலமைன் பெட்டி வைத்திருப்பவர்கள் மேட்டைத் தாமே தேய்க்க வேண்டாம். ஏ.சி. காற்று நேரே படாத இடத்தில் வைத்து, ஓர் ஆண்டு முழுவதும் கடந்தபின் எடுத்து வாருங்கள். மரம் அதற்குள் தன் நிலைக்கு வந்திருக்கும். இப்போதே தேய்த்தால் அடுத்த மழையில் அதே இடம் பள்ளமாகும். மேற்சொன்ன மழைக்காலச் சுமையில் செய்த பெட்டிகளுக்கு மூலைகளைச் சமன்செய்து முழுப் பெட்டிக்கும் புதிய பாலிஷ் போட்டுத் தருவதற்குக் கட்டணம் ஏதுமில்லை. பின்பலகையின் உட்புறத்தில் எழுதியிருக்கும் எண்ணை எங்களுக்குத் தெரிவித்தால், உங்கள் பெட்டி அதில் சேர்ந்ததா என்று பார்த்துச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
பட்டறையினர்