சுப்பீரியர் கரையில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ளவர்களே,

உங்களில் பாதிப்பேரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியபோது நீங்கள் போய்விட்டீர்கள். அதனால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன். உங்களில் தமிழ் தெரியாதவர்களுக்காக ஆங்கிலத்திலும் சுருக்கமாக எழுதி, வழியில் இருக்கும் சில ஊர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால் மனதில் இருப்பது முழுதாகத் தமிழில்தான் வருகிறது.

செப்டம்பர் மாதம் நானும் கணவரும் அம்மாவும் படுக்கையும் சமையலறையும் உள்ள, ஆறு மீற்றர் நீளமான சின்ன மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ரொறன்ரோவிலிருந்து வடக்கே போனோம். சூ சென்ற் மேரி தாண்டி, சுப்பீரியர் ஏரியின் வடகரையைப் பிடித்துக்கொண்டு, 17ஆம் நெடுஞ்சாலையில் தண்டர் பே வரை கிட்டத்தட்ட 700 கிலோமீற்றர். அந்த ஏரியின் பரப்பு 82,000 சதுர கிலோமீற்றருக்கும் மேல். இலங்கை முழுவதையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும் என்று சொன்னபோது அம்மா நம்பவில்லை. பற்சவானா குடாவில் அலையைப் பார்த்த பிறகு, “இது கடல்தான் பிள்ளை” என்று முடிவாகச் சொல்லிவிட்டா.

முதல் நன்றி, புறப்படும் முன்னரே உதவிய என் தோழிக்கு. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் இடம் பிடிக்க ஐந்து மாதத்துக்கு முன்னர், காலை 7 மணிக்குக் கணினி முன்னால் இருக்க வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் வேலை. எனக்காக நான்கு நாள் விடியற்காலையில் எழும்பி அகாவா குடா, நீஸ் என்ற இரண்டு பூங்காக்களிலும் கரையோர இடங்களாகப் பார்த்து எடுத்துத் தந்தாய். அகாவாவில் படுக்கையில் இருந்தபடியே அலைச் சத்தம் கேட்டது. அது உன்னால்.

அடுத்தது, மோட்டார்ஹோமைக் கையளித்த அந்தப் பெரியவருக்கு. சாவியைத் தந்துவிட்டு அனுப்பியிருக்கலாம். இரண்டு மணித்தியாலம் எங்களோடு நின்றீர்கள். எரிபொருள் நிரப்பும்போது சமையல் காஸை அடைத்துவிட வேண்டும், தாங்கி பாதியானதும் கிடைக்கிற இடத்தில் நிரப்பிவிட வேண்டும், கழிப்பறைத் தாங்கியை முதலில் வெறுமையாக்கி, பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பிறகு விட்டால் அது குழாயையும் கழுவிக்கொண்டு போகும் என்று ஒவ்வொன்றையும் செய்து காட்டி, எங்களையும் செய்யச் சொன்னீர்கள். வாகனத்தின் உயரத்தை ஒரு தாளில் எழுதிக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டினீர்கள். கேட்டுக்கொண்டிருந்தபோது இவ்வளவும் தேவையா என்று நினைத்தேன். அத்தனையும் தேவைப்பட்டது.

மொன்ரியல் ரிவர் ஏற்றத்தில் எங்கள் வாகனம் மூச்சு வாங்கியபடி ஊர்ந்தபோது பின்னால் வந்த ஒருவர்கூட ஹோர்ன் அடிக்கவில்லை. அவர்களுக்கும் நன்றி.

அகாவா பாறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் செங்காவியால் வரைந்த ஓவியங்கள் அங்கே ஏரியை ஒட்டிய செங்குத்துப் பாறையில் இருக்கின்றன. படகுகள், குதிரையில் ஒருவர், கொம்பும் முதுகில் முள்ளும் வைத்த நீர்த் தெய்வம் மிஷிபிஷு. பார்ப்பதற்கு, தண்ணீருக்கு மேலே சரிந்திருக்கும் ஒரு பாறை விளிம்பில் இறங்கி நடக்க வேண்டும். நாங்கள் போன முதல் நாள் அலை பெரிதாக இருந்தது. பூங்காவில் வேலை செய்த அந்த இளம் பெண் எங்களை மறித்து, “இன்றைக்கு வேண்டாம், நாளைக்குக் காலையில் காற்று விழும்” என்று சொன்னார். எனக்கு ஏமாற்றம்தான், கொஞ்சம் முகத்தைக் காட்டியும் விட்டேன். அடுத்த நாள் தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. முந்தைய நாள் நாங்கள் நிற்க நினைத்த விளிம்பில் பாசி படர்ந்து வழுக்கியது. அலையோடு அங்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கோடையில்கூட உடம்பை விறைக்க வைக்கும் தண்ணீர் அது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அந்தக் கல்லுப் படிகளில் இறங்க முடியவில்லை. மேலே தனியே இருக்கிறேன் என்று சொன்னா. முதல் நாள் எங்களை மறித்த தங்கையே, நாங்கள் திரும்பி வந்தபோது நீங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, கொப்பி ஒன்றில் ஒவ்வோர் ஓவியத்தையும் வரைந்து காட்டிக்கொண்டிருந்தீர்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் படகு எது, கொம்பு வைத்த தெய்வம் எது, புகையிலை வைத்து ஏன் வணங்குகிறார்கள் என்பதெல்லாம் அவவுக்கு விளங்கியிருந்தது. நாங்கள் கீழே நேரில் பார்த்ததைவிட அம்மா கூடுதலாக அறிந்துகொண்டா. அந்தத் தாள் இப்போது எங்கள் வீட்டுச் சாமிப்படத்துக்குக் கீழே இருக்கிறது.

சரி, இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வைற் ரிவரிலிருந்து மரத்தன் வரை ஏறத்தாழ 95 கிலோமீற்றர். நடுவில் காடும் சின்னச் சின்ன ஏரிகளும்தான். அங்கேதான் எங்கள் பின்பக்க ரயர் வெடித்தது. கைத்தொலைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. இப்படியான வாகனங்கள் பலவற்றில் மாற்றுச் சில்லு வைப்பதில்லை. எங்களுடையதிலும் இல்லை. நேரம் பின்னேரம் நான்கரை.

மரம் ஏற்றி வந்த லொறியின் சாரதி அண்ணாவே, நீங்கள் அந்தப் பாரத்தோடு நிறுத்தியதே பெரிய விசயம். முதலில் எங்களை வாகனத்தைவிட்டு இறக்கி, வீதியோரத் தடுப்புக்கு அப்பால் நிற்க வைத்தீர்கள். பின்னால் நடந்துபோய் எச்சரிக்கை முக்கோணங்களை வைத்தீர்கள். வாகனத்தின் நீளத்தையும் ரயரின் பக்கத்தில் எழுதியிருந்த எண்களையும் குறித்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் இடத்தில் அழைக்கிறேன் என்று சொல்லிப் போனீர்கள். அழைத்திருக்கிறீர்கள். இழுவை வாகனம் வந்தபோது அவர்களிடம் எல்லா விவரமும் இருந்தது.

ஆனால் அது வர இரண்டரை மணித்தியாலம் ஆனது. அந்த நேரம் முழுவதும் எங்களோடு இருந்த குடும்பத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் பக்கத்து அனிஷினாபே பூர்வகுடி ஊரைச் சேர்ந்தவர்கள் என்று சொன்னீர்கள். பிக்கப்பைப் பின்னால் நிறுத்தி, விளக்குகளைப் போட்டு, அம்மாவைச் சூடான முன்னிருக்கையில் இருத்தினீர்கள். பொழுதுபடும் நேரம்தான் மூஸ் என்ற பெரிய மான் வீதிக்கு வரும், அதன் உடம்பு கறுப்பு, கால் உயரம், கண் வாகன வெளிச்சத்துக்கு மேலே நின்றுவிடும், அதனால் கிட்ட வரும்வரை சாரதிக்குத் தெரியாது என்று விளக்கினீர்கள். வீதியில் தனியாக நிற்க விடமாட்டோம் என்றீர்கள். ஏரியை உங்கள் மொழியில் கிச்சிகாமி, பெரிய நீர், என்று சொல்வதை அம்மாவுக்கு மூன்று முறை சொல்லிக் கொடுத்தீர்கள். அம்மா அதற்குப் பிறகு சுப்பீரியர் என்று சொல்வதே இல்லை. இழுவை வாகனம் வந்ததும் கையசைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். பெயரைக் கேட்காதது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மரத்தனில் ஞாயிறு இரவு கடையைத் திறந்த ஐயா, அந்த அளவு ரயர் உங்களிடம் இருக்கவில்லை. 300 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் தண்டர் பேக்கு அழைத்து, மறுநாள் வரும் ஒருவரிடம் கொடுத்துவிடச் சொன்னீர்கள். அதுவரை உங்கள் முற்றத்திலேயே நிற்கச் சொல்லி மின்சார வயரையும் இழுத்துத் தந்தீர்கள். ஹீற்றர் எரிவது காஸில் என்றாலும் அதன் காற்றாடி சுழல்வது பற்றறியில், இரவு குளிரும்போது பற்றறி இறங்கிவிடும் என்று நீங்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தைய இரவு நடுச்சாமத்தில் ஏன் குளிரில் விழித்தோம் என்பதும் அப்போதுதான் விளங்கியது. மின்சாரத்துக்கு ஒரு சதமும் வாங்க மறுத்தீர்கள்.

நிபிகனில், பாலத்தைப் பார்க்கும் இடத்தில் வைத்து, 2016 ஜனவரியில் அது பழுதானபோது என்ன நடந்தது என்று பொறுமையாகச் சொன்ன அக்காவுக்கு நன்றி. புதுப்பாலம், திறந்து சில வாரங்கள்தான். போல்ற் ஆணிகள் முறிந்து தளம் ஒரு பக்கம் மேலே எழும்பியிருக்கிறது. கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் வேறு வீதி அந்த இடத்தில் இல்லை. ஊர் முழுக்க லொறிகள் நின்றபோது ஆட்களைக் கூப்பிட்டு உணவும் இடமும் கொடுத்ததைச் சாதாரணமாகச் சொன்னீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை.

தண்டர் பேயில் எரிபொருள் நிலையத்தில் நாங்கள் தமிழில் கதைப்பதைக் கேட்டு ஓடி வந்த மாணவத் தம்பி, எங்கள் இடப்பக்கப் பின்விளக்கு எரியவில்லை என்று சொன்னதோடு, அந்தச் சின்ன பல்பை வாங்கி வந்து மாட்டியும் விட்டீர். பிறகு, புற்றுநோயால் ஒரு காலை இழந்தும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டக் கனடாவின் குறுக்கே ஓடிய ரெரி ஃபொக்ஸின் நினைவிடத்துக்கு வழிகாட்டினீர். 143 நாட்கள், 5,373 கிலோமீற்றர் ஓடி, 1980 செப்டம்பர் 1ஆம் திகதி அவர் ஓட்டத்தை நிறுத்திய இடம் அந்த ஊருக்குப் பக்கத்தில்தான். எங்கள் இயந்திரமே திணறிய மொன்ரியல் ரிவர் ஏற்றத்தை அவர் செயற்கைக் காலோடு ஓடி ஏறியிருக்கிறார். அம்மா அந்தச் சிலைக்கு முன்னால் நெடுநேரம் நின்றா. உமக்கு வகுப்பு இருந்தது, அப்படியும் அவசரப்படுத்தவில்லை.

கடைசியாக, நீஸ் பூங்காவில் எங்களுக்குப் பக்கத்தில் தங்கிய வயதான தம்பதிக்கு. எங்கள் இடம் கொஞ்சம் சரிவு. காஸில் ஓடும் குளிர்சாதனப்பெட்டி வாகனம் சாய்ந்து நின்றால் ஒழுங்காக வேலை செய்யாது. அது தெரியாமல் நாங்கள் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் ஒன்றும் கேட்காமல் இரண்டு மரக்கட்டைகளைக் கொண்டுவந்து, சில்லுக்கு முன்னால் வைத்து, கணவரை மெதுவாக ஏறச் சொன்னீர்கள். ஒரு கோப்பையில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்தீர்கள். காலையில் கட்டைகளைத் திருப்பித் தர வந்தபோது உங்கள் இடம் வெறுமையாக இருந்தது.

கட்டைகள் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றின் அடியில் நீல மையில் ஒரு சின்னப் பறவை வரைந்திருக்கிறது. அடுத்த செப்டம்பரில் அதே வாரம் நீஸில் இருப்போம். நீங்களும் வந்தால், பக்கத்து இடத்தில் அவற்றை எடுத்து வைத்துக் காத்திருப்போம்.

மெத்த நன்றியுடன்,
சின்ன வெள்ளை மோட்டார்ஹோமில் வந்த மூவர்